மூன்றாம் வகுப்புச் சுவரில் பத்துக் கட்டளை, வீட்டில் கொலு

பகுதி: அமெரிக்க வாழ்க்கை / பிள்ளைகளும் பள்ளியும்
இழை தொடங்கியது: 2025 செப்டம்பர்

#1 ஒன்பதுபடி (டாலஸுக்கு வடக்கே)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் மூன்றாம் வகுப்பு, அரசுப் பள்ளி. போன வாரம் பென்சில் சீவப் போன இடத்தில் புதிதாக ஒரு படம் மாட்டியிருந்ததாம். படம் என்றால் உருவம் இல்லை, எழுத்துதான்: பத்துக் கட்டளைகள். எழுத்தைக் கண்டால் நின்று வாசிக்கிற வயது. இவளும் இவள் தோழியும் கையில் பென்சிலோடு நின்று முழுவதையும் வாசித்திருக்கிறார்கள். 'செதுக்கிய உருவங்கள்' என்று வரும் இடம் இருவருக்கும் புரியவில்லை. தோழி வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்டுக்கொண்டு மறுநாள் வந்து சொல்லியிருக்கிறாள்: "பொம்மை செய்து அதைச் சாமி என்று கும்பிடுவது. அது கூடாது."

அந்தக் குழந்தை மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வருகிறவள். கீழே பூங்கா அமைப்பதே அவள்தான். போன ஆண்டு செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் தன்னுடைய பச்சை டைனோசரை நிறுத்தினாள், அது இன்னும் எங்கள் பொம்மைப் பெட்டியில்தான் இருக்கிறது. 22-ஆம் தேதி நவராத்திரி. நேற்று ராத்திரி பழைய செய்தித்தாளைப் பிரித்துப் பொம்மைகளை வெளியே எடுத்துக்கொண்டிருக்கும்போது மகள் கேட்கிறாள்: "அம்மா, அவளைக் கூப்பிட்டால் அவள் பள்ளிக்கூட விதியை மீறினதாகிவிடுமா?"

'பள்ளிக்கூட விதி' என்றாள். சுவரில் அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே 'ஓடக் கூடாது, வரிசையில் நிற்க வேண்டும்' என்று இன்னொன்று இருக்கிறதாம். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

என்ன சொல்வது என்று தெரியாமல் தூங்கச் சொல்லிவிட்டேன். இதைப் பள்ளியில் கேட்கலாமா, கேட்டால் எப்படிக் கேட்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 மடிப்பாக்கத்தான்

அக்கா, இதற்குப் போய் இவ்வளவு யோசிக்கிறீர்களே. நான் படித்த கான்வென்டில் தினமும் காலையில் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' சொன்ன பிறகுதான் முதல் மணி அடிக்கும். சாயங்காலம் நேரே ஆஞ்சநேயர் கோயில், வடைமாலைப் பிரசாதம். எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. சுவரில் இருப்பதைச் சுவரிலேயே விட்டுவிடுங்கள்.

#3 சட்டப்பலகை (ஆஸ்டின்)

தம்பி, கான்வென்ட் என்பது உங்கள் அப்பா தேடிப்போய்ப் பணம் கட்டிச் சேர்த்த இடம். ஒன்பதுபடி கேட்பது, வரிப்பணத்தில் நடக்கிற, பிள்ளை கட்டாயம் போயாக வேண்டிய பள்ளியைப் பற்றி. நம் ஊரிலும் முழுக்க முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்றுதான் அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. கான்வென்ட் கதையை இங்கே கொண்டுவந்தால் பொருந்தாது.

அம்மா, விஷயம் இது. இந்த ஆண்டு டெக்சஸ் சட்டமன்றம் செனட் மசோதா 10 என்பதை நிறைவேற்றியது. செப்டம்பர் 1 முதல் நடைமுறை. அரசுப் பள்ளியின் ஒவ்வொரு வகுப்பறையிலும் குறைந்தது 16 அங்குல அகலம், 20 அங்குல உயரத்தில் பத்துக் கட்டளை இருக்க வேண்டும். அறையின் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் சாதாரணப் பார்வை உள்ளவர் வாசிக்கும்படி இருக்க வேண்டும் என்பதையும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். வாசகமும் சட்டத்திலேயே இருக்கிறது. யாராவது நன்கொடையாகக் கொடுத்தால் பள்ளி வாங்கி மாட்டியாக வேண்டும்.

இதற்கு முன்னால் இதையே கென்டக்கி செய்தது. 1980-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் செல்லாது என்றது. லூசியானா போன ஆண்டு மறுபடி சட்டம் போட்டது. இந்த ஜூனில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். டெக்சஸ் சட்டத்துக்கும் ஆகஸ்ட் 20-ஆம் தேதி சான் அன்டோனியோ நீதிபதி ஃப்ரெட் பியரி தடையாணை கொடுத்தார். ஆனால் அது வழக்கில் பெயர் வந்த 11 கல்வி மாவட்டங்களைத்தான் கட்டுப்படுத்தும். அதில் உங்கள் பக்கத்து ஊரான பிளேனோ உண்டு. உங்கள் மாவட்டம் இல்லை போலிருக்கிறது. அதாவது ஒரு சாலையைத் தாண்டினால் சுவரில் படம் இல்லை, இந்தப் பக்கம் இருக்கிறது.

அந்த வழக்கைப் போட்ட பெற்றோரில் யூதர்கள் இருக்கிறார்கள், கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், இந்துக்களும் இருக்கிறார்கள்.

#4 பொருநைக்கரை

நான் நாசரேத்துப் பக்கம். தாத்தா உபதேசியார். அதனால் என் கட்சி எது என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

கொலை செய்யாதே, களவு செய்யாதே, தாய் தகப்பனைக் கனம்பண்ணு. இதில் யாருக்கு என்ன நோவு? இந்தத் தேசத்தின் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டுமே. வாஷிங்டனில் உச்ச நீதிமன்றக் கட்டடத்தின் சிற்பங்களிலேயே மோசே இருக்கிறார். நீதிபதிகள் தலைக்கு மேல் இருக்கலாம், பிள்ளைகள் தலைக்கு மேல் இருக்கக் கூடாதா?

ஒன்பதுபடி சகோதரியின் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தப் பாட்டி தன் பேத்திக்குத் தன் விசுவாசத்தைச் சொன்னார். அது அவர் உரிமை அல்லவா?

#5 தூத்துக்குடிக்காரன் (ஹூஸ்டன்)

அண்ணாச்சி, பாட்டிக்கு உரிமை உண்டு. அதில் யாருக்கும் சண்டை இல்லை. சுவருக்கு அந்த உரிமை உண்டா என்பதுதான் கேள்வி. நீதிமன்றச் சிற்பத்தில் மோசே தனியாக இல்லை, பக்கத்திலேயே அமுராபி, சோலோன், கன்பூசியஸ் என்று பழங்காலத்தில் சட்டமும் நெறியும் வகுத்தவர்கள் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள்.

இன்னொன்று. நான் கத்தோலிக்கன். பனிமயமாதா கோயில் தெருவில் ஞானோபதேசம் படித்தவன். நாங்கள் மனப்பாடம் செய்த பத்துக் கட்டளையில் சிலையைப் பற்றித் தனிக் கட்டளையே கிடையாது. அது முதலாவதற்குள் அடங்கிவிடும். கடைசிக் கட்டளை எங்களுக்கு இரண்டாகப் பிரியும். யூதர்களுக்கு 'உன்னை எகிப்திலிருந்து அழைத்துவந்த ஆண்டவர் நானே' என்பதே முதல் வார்த்தை. ஆக, எந்தப் பத்து என்று முடிவு செய்ததே சட்டமன்றம்தான். டெக்சஸ் சட்டமன்றத்துக்கு வேத வியாக்கியானம் செய்ய யார் பட்டம் கொடுத்தது?

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். 1840-களில் பிலடெல்ஃபியாவில் பள்ளியில் தினமும் வாசித்தது புராட்டஸ்டண்டுகளின் கிங் ஜேம்ஸ் வேதாகமம். கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் விவிலியத்தை வாசிக்க அனுமதி வேண்டும் என்று ஆயர் கென்ரிக் கேட்டார். கேட்டது அவ்வளவுதான். 1844 மே மாதம் கலவரம் வெடித்து, புனித மிக்கேல் ஆலயமும் புனித அகுஸ்தினார் ஆலயமும் சாம்பலாயின. ஜூலையில் இன்னொரு சுற்று. ஆட்கள் செத்தார்கள். இரண்டு பக்கமும் கும்பிட்டது ஒரே இயேசுவைத்தான்.

#6 வெறும்வாசகன்

டைனோசர் எந்தப் படியில் இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆவல்.

#7 ஒன்பதுபடி

@வெறும்வாசகன் படியில் இல்லை, தரையில். பூங்காவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்.

எல்லோருக்கும் நன்றி. ஒரு விஷயத்தை முதலில் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாங்கள் இன்னும் ஹெச்-1பி விசாவில்தான் இருக்கிறோம். கணவர் 'வாயைத் திறக்காதே, ஊருக்கு வந்த இடத்தில் வழக்கு எதற்கு' என்கிறார். பள்ளியில் பெயர் வெளியே போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது.

#8 சட்டப்பலகை

பயம் நியாயமானதுதான். ஆசிரியையிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கு அல்ல என்பதை மட்டும் கணவரிடம் சொல்லுங்கள். வேண்டுமானால் இந்தக் கதையையும் சொல்லுங்கள்.

டெக்சஸிலேயே, கால்வெஸ்டன் பக்கம், சாண்டா ஃபே என்று ஓர் ஊர். பெரும்பாலும் பாப்டிஸ்டுகள், புராட்டஸ்டண்டுகளில் ஒரு சபை. வெள்ளிக்கிழமை ராத்திரிக் கால்பந்து ஆட்டத்துக்கு முன்னால் ஒரு மாணவர் ஒலிபெருக்கியில் ஜெபம் சொல்வார். அரங்கம் முழுவதும் எழுந்து நிற்கும். இரண்டு குடும்பங்கள் வழக்குப் போட்டன. நாத்திகர்கள் என்று நினைப்பீர்கள். ஒரு குடும்பம் மார்மன் சபை, இன்னொன்று கத்தோலிக்கம். இருவரும் பெயரை மறைத்துத்தான் வழக்காடினார்கள். ஊர்க்காரர்களும் பள்ளி அலுவலர்களும் 'அது யார் வீட்டுப் பிள்ளை' என்று துருவ ஆரம்பித்ததும் நீதிபதி கோபப்பட்டு, இனி யாராவது அவர்களைத் தோண்டியெடுக்க முயன்றால் நீதிமன்ற அவமதிப்பு என்று எழுத்தில் ஆணையே போட்டார். 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அந்தக் குடும்பங்களின் பக்கம் நின்றது. பள்ளியின் ஒலிபெருக்கி, பள்ளியின் மைதானம், பள்ளி நடத்திய தேர்தலில் வந்த மாணவர்: இதை மாணவரின் தனிப் பேச்சு என்று சொல்ல முடியாது என்றார்கள்.

பொருநைக்கரை அண்ணாச்சிக்கும் ஒன்று. 'அரசுக்கும் சபைக்கும் நடுவே சுவர்' என்ற சொல் யாருக்கு எழுதிய கடிதத்தில் வந்தது தெரியுமா? 1802 ஜனவரி 1-ஆம் தேதி அப்போதைய அதிபர் ஜெபர்சன் கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு எழுதினார். அந்த மாநிலத்தில் அப்போது இன்னொரு சபைதான் அரசு சபை. அதற்கு வரி கட்டாமலிருக்க வேண்டுமானால் 'நாங்கள் பாப்டிஸ்டுகள்' என்று சான்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கேவலம் தாங்காமல் ஜெபர்சனுக்கு மனு எழுதியவர்கள் பக்தர்கள்தான். ஜெபத்தைக் காப்பாற்றத்தான் சுவர் கேட்டார்கள். இன்றைக்கு அந்தச் சுவரை இடிக்கக் கடப்பாரை தூக்குகிறவர்களில் பாதிப் பேர் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என்பதுதான் எனக்கு வேடிக்கை.

#9 எடிசன்_எழுபதுகள் (நியூ ஜெர்சி)

நான் இங்கே வந்தது 1974. இப்போது தாத்தா. எல்லோரும் நம்மை அடிபடுகிற பக்கத்திலேயே நிறுத்திப் பேசுகிறீர்கள். நாமும் ஒருமுறை அடிக்கிற பக்கம் இருந்தோம்.

1975-76-இல் எங்கள் மாநிலத்தில் ஐந்து உயர்நிலைப் பள்ளிகளில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானத்தை விருப்பப் பாடமாக வைத்தார்கள். மத்திய அரசின் பணமும் அதில் உண்டு. 'இது அறிவியல், மதம் இல்லை' என்றார்கள். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் மந்திரம் கொடுக்க வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கு வெளியே ஓரிடத்துக்கு வரச் சொன்னார்கள். வரும்போது கொஞ்சம் பூ, கொஞ்சம் பழம், ஒரு வெள்ளைக் கைக்குட்டை கொண்டுவர வேண்டும். அங்கே மேசை மேல் மகரிஷியின் குருவான குருதேவர் படம். ஆசிரியர் சமஸ்கிருதத்தில் ஓதி, பூவையும் பழத்தையும் படைத்து, பிறகு பிள்ளையின் காதில் மந்திரம்.

பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அப்போது எங்கள் வட்டாரத்தில் சத்தியநாராயண பூஜைக்குக் கூடினால் இதே பேச்சுதான். 'நம் தியானத்தை மதம் என்கிறான் பார், வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும்' என்று எல்லோருக்கும் ரோஷம். நானும் சத்தம் போட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் என் மனைவி கேட்டாள்: "பூ, பழம், படம், நைவேத்தியம், ஸ்தோத்திரம். இது பூஜை இல்லையென்றால், இப்போது நாம் முடித்துவிட்டு வருவது என்ன?"

1979-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையேதான் சொன்னது. அந்த ஸ்தோத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பையே எடுத்து வைத்துப் பேசினார்கள். நம் பூஜையைப் பூஜை என்று ஒரு நீதிமன்றம் ஒத்துக்கொண்டதில் அவமானம் எங்கே இருக்கிறது? இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடம் ஆனது.

#10 மடிப்பாக்கத்தான்

தாத்தா, அப்படியென்றால் யோகாவையும் நிறுத்திவிடுவார்களா?

#11 எடிசன்_எழுபதுகள்

கலிபோர்னியாவில் என்சினிடஸ் என்ற ஊரில் பள்ளி யோகா வகுப்பை எதிர்த்து வழக்கு நடந்தது. யோகாவுக்கு மத வேர் உண்டு, ஆனால் இந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பது வெறும் உடற்பயிற்சி என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பத்மாசனத்துக்குக் குழந்தைகளிடம் வேறு பெயர் வைத்துவிட்டிருந்தார்கள். அலபாமாவில் 1993 முதல் பள்ளியில் யோகாவுக்கே தடை. 2021-இல் தடையை நீக்கிச் சட்டம் போட்டார்கள், ஆனால் 'நமஸ்தே' சொல்லக் கூடாது என்று அதே சட்டத்தில் எழுதிவைத்தார்கள். வணக்கம் சொன்னால் குற்றம், குனிந்தால் உடற்பயிற்சி. இதைப் படித்துவிட்டு நானும் என் மனைவியும் ஒரு வாரம் காலையில் காபி கொடுக்கும்போதெல்லாம் நமஸ்தே சொல்லிக்கொண்டோம்.

#12 லாஷப்பல் (பாரிஸ்)

நீங்கள் எல்லாம் கொடுத்துவைத்தவர்கள். இங்கே ஆசிரியரோடு சேர்த்துப் பிள்ளையின் வாயையும் கட்டிவிட்டார்கள். 2004 சட்டப்படி அரசுப் பள்ளியில் மாணவர் கண்ணில் படும்படியான மத அடையாளம் எதுவும் அணியக் கூடாது. முக்காடு, யூதக் குல்லா, பெரிய சிலுவை, சீக்கியர் தலைப்பாகை எல்லாம் அடக்கம். 2023-இல் அபாயா என்ற நீண்ட அங்கியும் சேர்ந்தது. அதே நாட்டில் அல்சாஸ் பக்கம் போனால் அரசுப் பள்ளியிலேயே மத வகுப்பு உண்டு. 1905-இல் சபையையும் அரசையும் பிரித்தபோது அந்த நிலம் ஜெர்மனியிடம் இருந்ததாம், அதனால் அந்தச் சட்டம் அங்கே எட்டவில்லை. கொள்கை பேசுகிறவர்கள் அந்தப் பக்கம் ரயில் ஏறுவதில்லை.

#13 நெறியாளர்

மதமாற்றம் பற்றிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பள்ளியைப் பற்றி மட்டும் பேசுங்கள். பொருநைக்கரை ஐயாவைத் தனிப்பட்ட முறையில் தாக்கியவருக்கு ஒரு வாரம் ஓய்வு.

#14 ஒன்பதுபடி

பாரிஸ் பதிவைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. மகள் வெள்ளிக்கிழமை விபூதி இட்டுக்கொண்டு போகிறாள். கையில் திருப்பதிக் கயிறு. படத்தைப் பற்றி நான் கேட்கப்போய், 'அப்படியானால் எதுவும் வேண்டாம், இதையும் அழி' என்று சொல்லிவிட மாட்டார்களே?

#15 சட்டப்பலகை

மாட்டார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை. பிள்ளை தன் நெற்றியில் இடுவது பிள்ளையின் பேச்சு. சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடலாம், மதிய இடைவேளையில் வேதாகமம் வாசிக்கலாம், நான்கு மாணவர்கள் சேர்ந்து ஜெபக் குழுவோ இந்து மாணவர் குழுவோ வைக்கலாம். செஸ் சங்கத்துக்கு அறை கொடுக்கும் உயர்நிலைப் பள்ளி அவர்களுக்கும் கொடுத்தாக வேண்டும் என்று 1984-இலேயே சட்டம் வந்துவிட்டது. நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வாடகைக்கு அறை கிடைப்பதும் இதே நியாயத்தில்தான். கூடாதது, பள்ளி தன் வாயால் பேசுவது.

ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் நீட்வில் என்ற ஊரில் ஒரு பூர்வகுடிச் சிறுவன், பாலர் வகுப்பு. அவன் குல வழக்கப்படி முடியை வெட்டுவதில்லை. வெட்டு, இல்லையென்றால் பின்னிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வா என்றது பள்ளி. 2010-இல் ஐந்தாம் வட்டார நீதிமன்றம் டெக்சஸின் மதச் சுதந்திரச் சட்டத்தைக் காட்டிப் பிள்ளையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. விபூதி தாராளமாகப் போகட்டும்.

#16 குழித்துறை ஆசிரியர் (ஓய்வு)

நம் பக்கத்துச் சங்கதி ஒன்று. 1985-இல் கோட்டயம் மாவட்டத்தில் யெகோவா சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அதுதான் குற்றம். மறு ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். அந்தத் தீர்ப்பில் அவர் எடுத்துப் பேசிய வழக்குகளில் ஒன்று மேற்கு வர்ஜீனியாவுடையது: 1943-இல், உலகப் போர் நடக்கும்போதே, கொடிக்கு வணக்கம் சொல்லாத அதே சபைப் பிள்ளைகளை அமெரிக்க உச்ச நீதிமன்றம் காப்பாற்றியது. அதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன் அதே நீதிமன்றம் 8-க்கு 1 என்று நேர் எதிராகச் சொல்லியிருந்தது.

நான் 31 ஆண்டு பாடம் எடுத்தவன். சுவரில் மாட்டியதைப் பிள்ளைகள் வாசிக்க மாட்டார்கள் என்று நினைப்பவர் வகுப்பறைக்குள் போனதில்லை. பாடம் போரடித்தால் சுவரைத்தான் வாசிப்பார்கள்.

#17 பொருநைக்கரை

எல்லோரும் சேர்ந்து என்னை ஒரு மூலையில் நிறுத்திவிட்டீர்கள், பரவாயில்லை. டான்பரிக் கதை எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாஷிங்டன் மாநிலத்தில் ஆட்டம் முடிந்ததும் மைதான நடுவில் முழங்கால்படியிட்ட பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் கென்னடியை என்ன செய்தீர்கள்? அவருக்கும் நெற்றி உண்டு, அவருக்கும் விபூதி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022-இல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அவர் பக்கம்தான் நின்றது.

#18 சட்டப்பலகை

நின்றது. எனக்கு அது தவறான தீர்ப்பு. ஆட்டம் முடிந்து தனியாக, சத்தமில்லாமல் செய்த ஜெபம் என்று பெரும்பான்மை எழுதியது. நீதிபதி சோட்டோமேயர் மறுப்புத் தீர்ப்பில் புகைப்படங்களையே அச்சிட்டார்: அவரைச் சுற்றி ஆட்டக்காரப் பிள்ளைகள் மண்டியிட்டு நிற்கிறார்கள். யாரை அடுத்த ஆட்டத்தில் இறக்குவது என்று முடிவு செய்கிறவர் முழங்கால்படியிட்டால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன் என்ன செய்வான்? நீங்கள் பள்ளியில் விளையாடியிருந்தால் தெரியும்.

இருந்தாலும் உங்கள் கேள்வியில் வலு இருக்கிறது. ஆசிரியர் எப்போது அரசு, எப்போது வெறும் மனிதர் என்ற கோடு முன்பைவிட மங்கிப்போயிருக்கிறது. மாட்டிய படத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது எந்நேரமும் அரசுதான்.

ஒன்பதுபடி அம்மா, இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது, செனட் மசோதா 11. பள்ளியில் ஜெபத்துக்கும் மத நூல் வாசிப்புக்கும் தனி நேரம் ஒதுக்கலாமா என்று ஒவ்வொரு கல்வி மாவட்ட வாரியமும் 2026 மார்ச் 1-க்குள் வாக்கெடுத்தாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் உண்டு. விசா பற்றிய பயம் இருந்தால் குடியுரிமை வாங்கிய நாங்கள் நாலு பேர் வந்து பேசுகிறோம், மாவட்டத்தின் பெயரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

#19 ஒன்பதுபடி

நேற்று ஆசிரியையைப் பார்த்தேன். நல்லவர். நான் வாயெடுப்பதற்கு முன்பே "அந்தச் சட்டகத்தைப் பற்றித்தானே" என்றார். பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதாம். முதலில் பென்சில் சீவும் இடத்தில் ஒதுக்குப்புறமாக மாட்டினார். எல்லா இடத்திலிருந்தும் தெரியவேண்டுமே என்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுக் கடிகாரத்துக்குக் கீழே மாற்றச் சொன்னாராம். இப்போது மணி பார்க்கிற பிள்ளை எல்லாம் அதைத்தான் பார்க்கிறது. அதைப் பற்றிப் பாடம் எடுக்கச் சொல்லவில்லை, கேட்டால் என்ன பதில் சொல்வது என்றும் சொல்லவில்லை. "இது நம் வகுப்பின் விதி இல்லை என்று மகளிடம் மட்டுமாவது சொல்வீர்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வகுப்பு விதிகளை எதிர்ச் சுவருக்கு மாற்றுகிறேன் என்றார்.

மகளிடம் 'அது பள்ளி விதி இல்லை, சிலர் வீட்டு விதி. நம் வீட்டு விதி வேறு' என்று சொன்னேன். "அப்புறம் ஏன் பள்ளியில் இருக்கிறது?" என்றாள். சட்டப்பலகை அண்ணா, எட்டு வயதுக்குத் தகுந்த மாதிரி அதற்கு ஒரு பதில் எழுதிக் கொடுங்கள்.

தோழியின் அம்மாவுக்கும் போன் செய்தேன். அவர் பதறவில்லை, சிரிக்கவும் இல்லை. மாமியாரோடு பேசிவிட்டு வியாழக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றார். டைனோசரை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன், வராவிட்டால் பள்ளிப் பையில் போட்டு அனுப்ப வேண்டும்.

#20 தூத்துக்குடிக்காரன்

வந்தால் சுண்டலுக்கு வேர்க்கடலை வேண்டாம், முதலில் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

#21 ஒன்பதுபடி

தெரியும் அண்ணா. மூன்று வருடமும் அவளுக்குப் பச்சைப்பயறுதான்.